60 குழி சிலிக்கோன் அச்சு: டிஷ்யூ மைக்ரோஅரேவுக்குப் போதுமா?

டிஷ்யூ மைக்ரோஅரே என்பது பல நோயாளிகளின் திசுத் துண்டுகளை ஒரே மெழுகு பிளாக்கில் அடுக்கும் முறை. அதற்கான கருவி வாங்க எங்கள் ஆய்வுத் திட்டத்தில் பணம் கிடையாது. அதனால்தான் இந்த அச்சு. உள்ளங்கையில் அடங்கும், அடியில் 2 மி.மீ. விட்டத்தில் 60 குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். உருகிய பாரஃபின் மெழுகை ஊற்றி, மேலே கேசட்டை (பிளாக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) வைத்து, ஆறியதும் உரித்தால் 60 குழிகளோடு காலி பிளாக் ரெடி. நோயாளிகளின் திசு பதித்த மெழுகு பிளாக்குகளிலிருந்து, தோல் பயாப்ஸி பஞ்ச்சால் (வட்டமுனைக் கத்தி) திசுவைக் குத்தியெடுத்துக் குழிக்குள் இறக்க வேண்டியதுதான்.

ஒருவருக்கு 3 துண்டு வீதம் 19 பேரின் கட்டித் திசுவை அடுக்குகிறேன். மீதி 3 குழிகளில், ஒரே மூலையில், சிறுநீரகத் திசு. ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று அந்த மூலையே காட்டிக்கொடுத்துவிடும். ஆன்டிபாடி (திசுவில் குறிப்பிட்ட புரதத்தைக் காட்டச் சாயமிடும்போது பயன்படுவது) 19 ஸ்லைடுக்குப் பதில் ஒரே ஸ்லைடுக்கு ஆகிற அளவு போதும். எல்லாத் துண்டுக்கும் ஒரே சாயம், ஒரே நேரம் என்பது எனக்கு அதைவிடப் பெரிய லாபம்.

தொல்லை உரிப்பதில்தான். கூட வரும் கையேடு நேராக ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் மெழுகு நொறுங்கும் பதத்துக்குப் போய், குழிகளுக்கு நடுவே விரிசல் விடுகிறது. அறை வெப்பத்திலேயே இறுகவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக வளைத்து உரியுங்கள். ஊற்றுவதற்கு முன் அச்சை ஓவனில் சூடாக்கினால் குமிழியும் குறையும். குளிர்ந்த அச்சில் குச்சிகளின் அடியில் காற்று தங்கிவிடும். துண்டுகளை இறக்கியபின் பிளாக்கை ஸ்லைடின் மேல் கவிழ்த்து, மெழுகு உருகாத அளவுக்கு மிதமான சூட்டில் வைத்து, லேசாக அழுத்துங்கள். இதைத் தவிர்த்தால் திசுவும் மெழுகும் ஒட்டாமல், மைக்ரோடோமில் (மெல்லிய சீவல் எடுக்கும் கருவி) சீவும்போதே வட்டங்கள் கழன்று தண்ணீரில் மிதக்கும். கொழுப்புத் திசு எப்படியும் கழலும். ஆன்டிபாடி நன்றாக ஒட்டுவதற்காக ஸ்லைடைப் பிரஷர் குக்கரில் சிட்ரேட் பஃபர் கரைசலில் கொதிக்கவைக்கும்போது இன்னும் சில போகும். ஒருவருக்கு 3 துண்டு வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1998இல் ஆய்வாளர் கோனோனென் குழு அறிமுகப்படுத்திய டிஷ்யூ மைக்ரோஅரே முறையில் ஒரு துண்டு 0.6 மி.மீ.தான், ஒரே பிளாக்கில் 1000 வரை அடுக்கலாம். அந்த நெருக்கம் இந்த அச்சில் நடக்காது. ஆனால் 2 மி.மீ. துண்டில் பரப்பு ஏறக்குறைய 11 மடங்கு. இடத்துக்கு இடம் மாறும் கட்டிகளுக்கு அதுவே எனக்கு வசதி.

அதே காரணத்தால் மூல பிளாக்கில் விழும் ஓட்டையும் பெரிது. ஊசி பயாப்ஸி பிளாக்குகளை இதற்காகத் தொடவே கூடாது. பின்னால் அந்த நோயாளிக்கே மறுபரிசோதனை தேவைப்படலாம். அறுவை சிகிச்சையில் எடுத்த, திசு தாராளமாக மிஞ்சியிருக்கும் பிளாக்குகள் என்றால் இந்த அச்சைத் தயங்காமல் வாங்கலாம். பஞ்ச் மட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள். முனை மழுங்கினால் திசு வெட்டுப்படாமல் நசுங்கும். கூட வரும் ஒற்றை பஞ்ச் ஒரு பிளாக் முடிவதற்குள் மழுங்கிவிடுகிறது.