ஊட்டிக் குளிரில் டீசல் கார்: காலை ஸ்டார்ட்டிங் ட்ரபிளைச் சரிசெய்த அனுபவம்

கோவையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிற டீசல் வண்டி, ஊட்டியில் ஓர் இரவு வெளியில் நின்றுவிட்டு மறுநாள் காலை நடுங்கி வெள்ளைப் புகை கக்கினால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். என் வண்டிக்கும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல். கோவையில் ஓடிக்கொண்டிருந்ததை செகண்ட் ஹேண்டில் வாங்கி மேலே கொண்டுவந்து, சில குளிர்காலங்கள் ஓட்டியாகிவிட்டது. கோளாறு பேட்டரியிலும், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்கிலும்தான் இருந்தது. இன்ஜெக்டர்கள் இன்றும் அதே பழையவைதான்.

டிசம்பர் பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லில் உறைபனி படிகிற காலைகளில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். வண்டி பிடித்ததும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல உடம்பே குலுங்கும். அரை நிமிடம் போனால் சத்தம் சீராகிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இருக்காது. மேட்டுப்பாளையம் இறங்கிப் போய் ராத்தங்கினால் மறுநாள் காலை எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜின் இரும்பு சில்லிட்டிருந்தால் அந்தச் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தமும் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. அதாவது அழுத்துவதற்கே காற்று குறைச்சல். அதனால், இரண்டு குளோ பிளக் செத்துக் கிடந்தாலும் சமவெளியில் வெளியே தெரியாது. இங்கே முதல் குளிரிலேயே தெரிந்துவிடும்.

நான் முதலில் பார்த்தது புகையை. செல்ஃப் சுற்றும்போது சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். எவ்வளவு சுற்றியும் புகையே வராவிட்டால் டீசலே வந்து சேரவில்லை. அப்போது ஃபில்டர், ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்வது), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்) என்று போக வேண்டும். சூடான இன்ஜினும் சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆனால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் திறன்) மேல் சந்தேகப்படலாம். என் வண்டியில் வெள்ளைப் புகை நிறைய வந்தது, சூட்டில் தொட்டதும் பிடித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவாகத் தெரிகிறது.

அடுத்தது பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலை கதவைத் திறப்பதற்கு முன்பு மல்டிமீட்டர் வைத்தேன்: 12.2 வோல்ட். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. 9.6-க்குக் கீழே போகாமல் இருந்தால்தான் நிம்மதி. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் எர்த் வயரின் முனையில் பச்சை பூத்திருந்தது. கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டி, பேட்டரியையும் மாற்றியதும் செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியது. ஆனால் குலுக்கலும் புகையும் அப்படியே இருந்தன.

மிச்சம் இருந்தது குளோ பிளக், நம் மெக்கானிக்குகள் சொல்கிற ஹீட்டர் பிளக். டேஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே, அப்படியென்றால் பிளக் நன்றாகத்தானே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு வெறும் நேரக் கணக்கில்தான் எரியும். பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பிளக்கின் வயரையும் பிடுங்கி, பிளக் முனைக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓம், அதாவது மின்தடை, பார்க்க வேண்டும். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டுகிற சிறு எண்ணைக் குறித்துக்கொண்டு கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே அளப்பதே ஒரு ஓம் பக்கம்தான். இரண்டு பிளக் ஒரு ஓமை ஒட்டிக் காட்டின. மற்ற இரண்டிலும் மீட்டர் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

மாற்றுவது சின்ன வேலைபோலத் தெரியும், ஆனால் இதில் அவசரம் கூடவே கூடாது. பழைய பிளக் கரி பிடித்து இறுகியிருந்தால், வேகமாகத் திருகும்போது சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். அதற்கப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். எனக்கு வேலை பார்த்த அண்ணன் முந்தின நாளே ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தார். மறுநாள் இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, கால் சுற்று தளர்த்துவது, மறுபடி கொஞ்சம் இறுக்குவது, மறுபடி தளர்த்துவது என்று பொறுமையாக எடுத்தார். "சார், இது பலத்துல வராது, பேசிப் பேசித்தான் வரும்" என்றார். நான்கையும் சேர்த்தே மாற்றினோம். புதியவற்றை மேனுவலில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்கினார். அதைவிட அதிகமாக இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது அவதி. மொத்தச் செலவு ஒரு இன்ஜெக்டரின் விலையில் பாதிகூட வரவில்லை.

அதிலிருந்து எல்லாக் குளிர்காலமும் விளக்கு அணையும்வரை பொறுத்து, ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. உறைபனி நாளில் முதல் சில நொடிகள் டீசல் சத்தம் கரகரப்பாகக் கேட்கும், அது இயல்புதான். ஆனால் சேரிங் கிராஸ், மார்க்கெட், வீடு என்று குட்டிக் குட்டி ஓட்டத்திலேயே இருந்தால் பேட்டரி முழுசாக ஏறுவதில்லை. வாரத்தில் ஒருநாளாவது குன்னூர்வரை போய்வருகிறேன். நவம்பருக்கு முன்பே மீட்டர் போட்டுப் பார்த்துவிடுவேன், டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுவேன். இன்ஜின் ஆயிலை, மேனுவல் அனுமதிக்கிற, குளிரிலும் அதிகம் கெட்டியாகாத 5டபிள்யூ வகைக்கு மாற்றியதில் செல்ஃப் இன்னும் லேசாகச் சுற்றுகிறது.

இங்கே இரண்டு பழக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. ஒன்று, ஏர் ஃபில்டர் வழியாக ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது. குளோ பிளக் சூடாக இருக்கும்போது அது நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும். இன்னொன்று, ராத்திரியே வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு, காலையில் உருட்டி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் ஓடாதபோது பிரேக் மிதி கல்லாக இறுகும், பவர் ஸ்டீயரிங்கும் உதவாது, ஊட்டிச் சரிவுகளில் அதற்கு மேல் பிடித்து நிறுத்த இடமும் இருக்காது.