சத்சங்கமா, விசாரமா: மறுநாள் காலையில் எது கைகொடுக்கிறது?

மூன்று வருடங்கள் மார்கழி, தை மாதங்களில் திருவண்ணாமலை சத்சங்கங்களுக்குப் போய்வந்தேன். இப்போது போவதில்லை. ரமணரின் ‘நான் யார்?’ நூலை வைத்துக்கொண்டு வீட்டிலேயே விசாரத்தில், அதாவது ‘நான் யார்’ என்று உள்ளே திரும்பிப் பார்க்கும் பயிற்சியில், உட்காருகிறேன்.

அந்த சத்சங்கங்களில் நான் கேட்டது நியோ அத்வைதம்: தனியாக ‘நான்’ என்று ஒருவர் இல்லை, அதைக் கண்டுகொண்டால் போதும் என்னும் புதிய போதனை. அதில் பெரும்பகுதி லக்னோவில் இருந்த பூஞ்சாஜி (1910–1997) வழியாக வந்தது. அவர் 1944இல் ரமணரைச் சந்தித்தவர். இந்தப் போதனையின் பிரபல ஆசிரியர்களான கங்காஜி, மூஜி, ஆண்ட்ரூ கோஹன் எல்லாரும் அவரிடம் போனவர்கள். சமஸ்கிருதம் வேண்டாம், தீட்சை வேண்டாம், யாரும் வந்து உட்காரலாம். அது நல்ல விஷயம்தான். அங்கே எனக்குக் கிடைத்த அமைதியும் பொய்யில்லை.

ஆனால் மறுநாள்?

அப்பா இறந்த வருடம் அண்ணனோடு சொத்துத் தகராறு. கோபம் அடங்கவில்லை என்று சத்சங்கத்தில் எழுந்து சொன்னேன். “கோபப்படுவது யார்? அப்படி ஒருவர் இல்லையே” என்றார் அந்த ஆசிரியர். கூட்டம் சிரித்தது, எனக்கும் லேசாகிவிட்டது. ஊருக்கு வந்து அண்ணனின் போனை எடுத்ததும் அதே கோபம். கத்தினேன். அப்புறம் மன்னிப்பும் கேட்கவில்லை. கத்தியவனே இல்லை என்றால் மன்னிப்புக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒரு வருடம் அப்படித்தான் போனது. இன்றும் அது வலிக்கிறது.

ரமணரும் அதே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறார். ஆனால் அங்கே கேள்வியோடு வேலை முடிவதில்லை, தொடங்குகிறது. மனதில் வாசனைகள், அதாவது பழைய பதிவுகள், இருக்கும்வரை விசாரணையும் வேண்டும் என்கிறார். கோட்டைக்குள் எதிரிகள் உள்ளவரை வெளியே வந்துகொண்டேதான் இருப்பார்கள், வர வர வெட்டினால் கோட்டை கைக்கு வரும் என்பது அவர் சொன்ன உவமை. எதிரியே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கோபம் வருகிறது, யாருக்கு என்று திரும்பிப் பார்க்கிறேன், சில நொடி அடங்குகிறது, மறுபடி வருகிறது. இரண்டு வருடத்தில் நடந்தது ஒன்றுதான்: அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ரமணருக்கே 1896இல், 16 வயதில், ஒரே அமர்வில் விழிப்பு வந்து எல்லாம் முடிந்ததே என்பார்கள். சரி. ஆனால் தேடி வந்தவர்களிடம் உனக்கும் முடிந்துவிட்டது, போ என்று அவர் அனுப்பவில்லை. விசாரத்தையோ சரணாகதியையோ கையில் கொடுத்தார்.

ஆசிரியர்களுக்கும் இதே உரைகல்தான். சீடர்களை நடத்திய விதத்துக்காக எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஆண்ட்ரூ கோஹன் 2013இல் குரு பொறுப்பிலிருந்து விலகினார். விழிப்பு வந்தபின் வேலை எதுவும் பாக்கியில்லை என்று நம்பும் இடத்தில் ஆசிரியரின் கோபத்தையும் ஆசையையும் யார் தட்டிக் கேட்பது? எல்லா ஆசிரியர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை, நான் நெருங்கிப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான்.

ஆனைக்கட்டி ஆர்ஷ வித்யா குருகுலம் போல முறையாக வேதாந்தம் படிக்கும் மூன்றாவது வழியும் உண்டு. சில ஒலிப்பதிவுகள் கேட்டதோடு சரி, அதனால் அதை எடைபோட எனக்குத் தகுதியில்லை. துக்கத்தில் தூக்கமே போனவர்கள் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அப்பா போன அந்த வருடம் நான் அதைச் செய்யவில்லை.