டிவியின் அட்டைப்பெட்டியில் '4கே சப்போர்ட்டட்' என்று போட்டிருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்

கடைக்காரர் என் கைப்பேசி எண்ணையே தடை செய்துவிட்டார் என்பது நேற்று மாலைதான் உறுதியானது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போனது 23,800 ரூபாய்; சீட்டு எடுத்த பணம்.

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இனியாவது கிரிக்கெட்டைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்று 43 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்று வாங்கப் போனேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. பெரிய நிறுவனங்களின் விலை கட்டுப்படியாகாது என்று நான் தயங்கியதைக் கண்டு, கடைக்காரர் உள்ளிருந்து வேறொன்றை எடுத்துவரச் செய்து, பென் டிரைவைச் செருகி, கிளிகளும் பூக்களும் மெல்ல அசையும் காட்சியை ஓடவிட்டார். "4கே வீடியோதான் ஓடுது, நீங்களே பாருங்கண்ணே. எங்கப்பாவுக்கும் இதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் '4கே சப்போர்ட்டட்' என்று பொன்னிறத்தில் அச்சிட்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்து, 23,800 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே அப்பா, ஆட்டக்காரர்களின் முகம் பூசினாற்போல் தெரிகிறது என்றார். நாங்கள் தொலைக்காட்சியைச் சந்தேகிக்கவில்லை. அவர் கண்ணைத்தான் சந்தேகித்தோம். மருத்துவரிடம்கூட அழைத்துப் போனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் திருப்பி அனுப்பினார். பிறகு விடுமுறைக்கு வந்த அக்கா மகன் தன் மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்துப் பார்த்தான். அவன் வீட்டுத் திரையில் 3840 × 2160 காட்டும் அதே மடிக்கணினி, இங்கே 1920 × 1080 என்பதோடு நின்றுவிட்டது.

4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஃபுல் எச்டி. ஏறத்தாழ 21 லட்சம்தான், அதாவது கால் பங்கு. 'சப்போர்ட்டட்' என்றால், 4கே கோப்பை உள்ளிருக்கும் சிப் படித்து, இருக்கிற புள்ளிகளுக்குள் சுருக்கிக் காட்டும் என்பது மட்டுமே பொருளாம். ஆகவே கடையில் 4கே வீடியோ ஓடியதும் உண்மைதான்! அப்பா கிரிக்கெட் பார்த்தது டிவியில் உள்ள ஒரு செயலி (ஆப்) வழியாக. படத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டின் உயர்நிலைச் சான்றான எல்1 இந்த டிவியில் இல்லை, கீழ்நிலையான எல்3 மட்டுமே உண்டு என்பதால், சந்தா கட்டியும் அந்தச் செயலி 480 வரிகளுக்கு மேல் படம் தரவில்லை. பூசினாற்போல் தெரிந்தது அதனால்தான்.

கடைக்காரர் முதலில், டிஷ்ஷில் எச்டி பேக் போட்டால் சரியாகிவிடும் என்றார்; எச்டி சேனலே 1080 வரி அளவில்தான் வருகிறது, அதைப் போட்டு 4கே எங்கிருந்து வரும்? அடுத்து '4கே கம்பி' என்று 900 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார். பிறகு கம்பெனி ஆள் வருவார் என்றார். 11 நாள் காத்திருந்தும் ஒருவரும் வரவில்லை. கடைசியில், "சப்போர்ட்டட்னுதான் போட்டிருக்கு, பேனல் 4கேன்னு நான் சொன்னேனா சார்?" என்று கேட்டார். 23,800 ரூபாய் கொடுத்த அன்று நான் அவருக்கு அண்ணன்.

என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. கடைக்காரரின் பென் டிரைவை நம்பாதீர்கள். 4கே தரும் மடிக்கணினி இருந்தால் கொண்டுபோய் இணைத்துப் பாருங்கள். 'எச்டிஆர் சப்போர்ட்டட்' (வெளிச்சமும் இருளும் துல்லியமாகத் தெரியுமாம்), 'மோஷன் ரேட் 120' (அசைவு வழுக்கிக்கொண்டு ஓடுமாம்) என்பவையும் இதே வகை வார்த்தை ஜாலங்கள்தான். பேனல், அதாவது திரை, 3840 × 2160 என்ற எண்ணையும் மாடல் எண்ணையும் ரசீதில் எழுதித் தர மறுத்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ இன்று அழைக்கப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணமில்லை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஆனால் என் கையில் இருக்கும் ரசீதில் '43 எல்இடி ஸ்மார்ட் டிவி – 1 – 23,800' என்று மட்டும்தான் இருக்கிறது. 4கே என்ற சொல்லே அதில் இல்லை.