ஆறு மோட்டாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லும் பணிமனை

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் 10 லிட்டர் மருந்து தெளிக்கும் ட்ரோனை நான்தான் ஓட்டுகிறேன். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் கிடைத்தது. 15 நாள் பயிற்சி முடித்தவள். போன கார்த்திகையில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, வயல் முனையில் திரும்பிய ட்ரோன் ஒருபக்கமாகச் சாய்ந்து வரப்பில் மோதி விழுந்தது. என் கொழுந்தனார் நின்ற இடத்துக்கும் அதற்கும் நாலு எட்டுதான் இடைவெளி. ட்ரோனில் மோட்டாரைத் தாங்கும் கை ஒன்றின் மடக்குப் பூட்டு தளர்ந்திருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஒரு சேவை நிலையத்தில் ‘முழு சர்வீஸ்’ என்று பில் போட்டு வாங்கி வந்திருந்தோம். மேலே துடைத்ததைத் தவிர அங்கே என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை உள்ளதற்குச் ‘சிறிய ட்ரோன்’ என்று பெயர். மருந்து நிரப்பினால் எங்களுடையது அந்த 25 கிலோவை ஒட்டி வரும். அந்த எடை சுழலும் இறக்கைகளோடு ஓர் ஆள்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பல இரவுகள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அப்படித்தான் தஞ்சாவூரில் இந்தப் பணிமனையைத் தேடிப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு டிராக்டர் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு. நடத்துகிற அண்ணன் முன்பு பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். ட்ரோனை விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். “நீங்கள் உட்கார்ந்தால்தான் பிரிப்பேன் அம்மா, நாளைக்கு வயலில் நிற்கப்போவது நீங்கள்தானே” என்றார். அன்று காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அந்த பெஞ்சில் இருந்தேன்.

முதல் வேலையாக இறக்கைகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டரை அடி நீள இறக்கை மாட்டியிருக்கும்போது மேஜைமேல் பேட்டரி இணைக்கவே கூடாது என்பது அவருடைய சட்டம். பிறகு ஒவ்வொரு இறக்கையின் அடிப்பகுதியையும் நகத்தால் வருடச் சொன்னார். கண்ணுக்குப் படாத கீறல் நகத்தில் தட்டுப்படுகிறது. ஒன்றில் எனக்கே தட்டுப்பட்டது. அந்த ஜோடியை அப்போதே ஒதுக்கினார். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் எடை சமமாக இருக்காது, அதிர்வு வரும் என்று ஜோடியாகத்தான் மாற்றுகிறார்.

கைப்பூட்டுகளின் திருகுகளை எல்லாம் பசை தடவி முடுக்கிய பின் அவர் செய்த வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பியை எடுத்து, ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து அது பதிந்திருக்கும் கை வரைக்கும் மெல்லிய கோடு இழுத்தார். திருகு இம்மி அசைந்தாலும் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். காலையில் வயலுக்குப் போனதும் ஸ்பேனர் எடுக்க வேண்டாம், கோடுகளைப் பார்த்தால் போதும். இப்போது என் ட்ரோன் பெட்டியிலும் ஒரு சிவப்புக் குப்பி இருக்கிறது. கோடு அழிந்தால் நானே போடுகிறேன்.

மோட்டாருக்கு வந்தார். மின்சாரம் இல்லாமல் கையால் ஒவ்வொன்றையும் சுற்றச் சொன்னார். ஐந்து வழுக்கிக்கொண்டு சுற்றி நின்றன. மூன்றாவது மோட்டாரில் மட்டும் விரல் நுனியில் மணல் அரைபடுவது போல ஒரு நறநறப்பு. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். பேரிங்கில் துரு. மருந்துச் சாரலும் ஈரமும் உள்ளே இறங்கியிருக்கின்றன. ஆறும் ஒன்றாக இரையும்போது அந்தச் சத்தம் தனியாகக் கேட்க வாய்ப்பே இல்லை. பவர் ஸ்ப்ரேயரால் ட்ரோனைக் கழுவுவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனி ஈரத்துணியால் துடைத்தால் போதும், டேங்கையும் குழாயையும் மட்டும் மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு ஓட்டுங்கள் என்றார்.

மருந்து பீச்சும் முனையான நாசிலின் சோதனை எளிமையானது. நான்கு நாசிலுக்கும் கீழே நான்கு அளவுக் குவளைகள், ஒரு நிமிடம் ஓட்டம். மூன்றில் 450 மில்லி அளவில், ஒன்றில் 520. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த நாசில் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார்.

பேட்டரியில்தான் எனக்கு வயிறு கலங்கியது. எங்களிடம் மூன்று ஜோடி. ஒவ்வொன்றாக மேஜையின் சமதளத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஒன்று ஆடியது, அடிப்பக்கம் உப்பியிருந்தது. பேட்டரிக்குள் இருக்கும் செல்களை அளந்தபோது மற்றவை 3.8 வோல்ட் காட்ட, அதில் ஒரு செல் 3.6க்கும் கீழே. தை அறுவடைக்குப் பிறகு இரண்டு மாதம் முழுச் சார்ஜில் வைத்திருந்தது நான்தான். செல்லுக்கு 4.2 வோல்ட் என்பது பறக்கிற நாளுக்கு மட்டும். சும்மா இருக்கும் நாளில் 3.8க்கு இறக்கி வைக்க வேண்டும். பயிற்சியில் கேட்ட பாடம்தான், அன்றுதான் மனத்தில் பதிந்தது. அந்தப் பேட்டரியை வாங்கிச் சிவப்பு டேப் சுற்றி, கொட்டகைக்கு வெளியே மணல் தொட்டியில் வைத்துவிட்டார். இன்னும் பத்து முறையாவது ஓடாதா என்று கெஞ்சிப் பார்த்தேன். விலை எனக்குத் தெரியும், குழுவில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அவர் அசையவில்லை. இதைப் போட்டுப் பறக்கப்போகிறீர்கள் என்றால் மற்ற வேலைக்கும் காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அந்தச் சொல்லுக்காகவே நான் இவரை நம்புகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒற்றை ஆள் என்பதால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பூச்சி ஒரு வாரம் காத்திருக்காது. பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை, பேருந்து நிலையம் வரை போய்வர வேண்டியிருந்தது. விமானப்படைத் தளம் உள்ள ஊர் என்பதால் அங்கே பறக்கவிட்டும் காட்ட முடியாது. அதற்குப் பதிலாக, வயலில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வண்டிகளும் இரும்பும் இல்லாத இடத்தில் ட்ரோனின் திசைகாட்டியைச் சரிபார்ப்பது. காலி டேங்கோடு இரண்டு நிமிடம் தாழ்வாக நிறுத்தி இறக்குவது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, எதுவும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று ஆறு மோட்டாரையும் தொட்டுப் பார்ப்பது. பிறகு வெறும் தண்ணீரோடு ஒரு சுற்று.

மறுநாள் காலை பனி விலகியதும் அப்படியே செய்தேன். கொழுந்தனாரை வரப்பிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கச் சொன்னேன். இறங்கியதும் பேட்டரியைப் பிடுங்கிவிட்டு வரிசையாகத் தொட்டேன். ஆறும் ஒரே வெதுவெதுப்பு.

நாசில், பேரிங், ஒரு ஜோடி இறக்கை, கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய் ஆனது. போகிறவர்கள் ரிமோட்டையும் சார்ஜரையும் மறக்காமல் கொண்டுபோங்கள், அவற்றையும் சோதித்துத் தருகிறார். செவ்வாய்க்கிழமை விடுமுறை.