கடைசி நாள் கேள்வித்தாளா, ஆறு மாதம் கழித்து ஒரு செய்முறைச் சோதனையா?

விளம்பரங்களையும் இணையப் பதிவுகளையும் கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்லித்தரும் ஊடகக் கல்விப் பயிற்சியைப் பெண் பிள்ளைகளுக்கு நடத்துகிற யாரிடமும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்து சேரும்: "இதில் என்ன நிலைத்தது?" எங்கள் குழுவிடமும் கேட்டார்கள். பதில் சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. பயிற்சியின் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது ஒன்று. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய், நிஜமான பதிவுகளையும் விளம்பரங்களையும் கையில் கொடுத்து, என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதைத்தான் எடுத்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கேள்வித்தாளின் சௌகரியங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. செலவு குறைவு, எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள், அறிக்கை சீக்கிரம் தயார். கோளாறு அது அளக்கும் பொருளில் இருக்கிறது. "விளம்பரப் படங்கள் திருத்தப்பட்டவை என்று எனக்குத் தெரியும்" என்ற வரிக்கு, பயிற்சியாளர் எதிரே நிற்கும்போது எந்தப் பிள்ளை "இல்லை" என்று குறிப்பாள்? நேர்மையாகக் குறித்தாலும் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் நாள் தன் திறமைக்கு ஐந்துக்கு நான்கு போட்டவள், தனக்கு எவ்வளவு தெரியாது என்பது புரிந்தபின் மூன்று போடுவாள். காகிதத்தில் பார்த்தால் பயிற்சி அவளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது போலத் தெரியும்! கடைசி நாளில் "அப்போது எப்படி, இப்போது எப்படி" என்று சேர்த்தே கேட்டு இதைச் சமாளிக்கலாம். ஆனால் அங்கே மரியாதைக்காகக் கூட்டிப் போடும் மதிப்பெண் புகுந்துவிடும்.

அப்புறம், கடைசி நாள் விளைவும் நிலைத்த விளைவும் ஒன்றல்ல என்பதற்குச் சான்று இருக்கிறது. உடல் தோற்றம் குறித்த ஊடக அழுத்தத்தைப் பற்றி இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரே ஒரு வகுப்பாக நடத்திய பயிற்சியை ஆய்வாளர் பிலிப்பா டீட்ரிக்ஸின் குழு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டது. வகுப்பு முடிந்தவுடன் முன்னேற்றம் தெரிந்தது. சில வாரங்களில் கரைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் சைமன் வில்க்ஷ், டிரேசி வேட் இருவரும் எட்டுப் பாடங்களாக நடத்திய பயிற்சியில், 30 மாதங்கள் கழித்தும் உடல் எடை, வடிவம் பற்றிய கவலை, அந்தப் பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாகவே இருந்தது. அந்த ஆய்வு 2009-இல் வந்தது. இரண்டையும் கடைசி நாளோடு நிறுத்தியிருந்தால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

செய்முறைச் சோதனையில் என்ன கொடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. பொய்ப் பதிவுகளை மட்டும் கொடுக்கக் கூடாது. எதைக் காட்டினாலும் "பொய்" என்று சொல்லும் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடுவாள். அது சந்தேக நோய், ஊடக அறிவு அல்ல. உண்மையும் பொய்யும் கலந்து கொடுத்து, பிரித்தறிகிறாளா என்று பார்க்க வேண்டும். பதிலை விடப் பாதை முக்கியம்: அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்துப்பிழை தேடுகிறாளா, வெளியே வந்து இதைப் போட்டது யார் என்று வேறு இடத்தில் தேடுகிறாளா? தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள் என்று சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். ஆறு மாதத்தில் பிள்ளைகள் தாமாகவே வளர்ந்துவிடுகிறார்கள், அந்தப் பெருமையும் நம் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

சரி, இவ்வளவு நல்ல வழியை ஏன் எல்லோரும் எடுப்பதில்லை? ஆட்களைத் திரும்பப் பிடிப்பதுதான் சிக்கல். முழு முடிவும் இதில்தான் தொங்குகிறது. பள்ளி மாறியிருப்பார்கள், வீடு மாறியிருப்பார்கள். கொடுத்த எண் அப்பாவுடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருக்கும், போன் அவள் கைக்கு வராது. எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதை விட, யார் விடுபட்டார்கள் என்பதுதான் உறுத்தும். போன் பறிக்கப்பட்டவள், படிப்பு நிறுத்தப்பட்டவள், இணையத்தில் தொல்லைக்கு ஆளாகி ஒதுங்கியவள் என்று, நாம் அதிகம் அறிய வேண்டியவர்களே முதலில் காணாமல் போகிறார்கள். மிஞ்சியவர்களை மட்டும் சோதித்தால் பயிற்சி அற்புதமாக வேலை செய்தது போலத் தெரியும். கடைசி நாள் கேள்வித்தாளுக்கு இந்த வம்பே இல்லை, அது ஒன்றுதான் அதன் நிஜமான பலம்.

இதற்குத் தீர்வு பின்னால் கிடையாது, முதல் நாளிலேயே செய்ய வேண்டும். மறுபடி வருவோம் என்று பிள்ளையிடமும் பெற்றோரிடமும் அப்போதே சொல்லி சம்மதம் வாங்குவது, ஒன்றுக்கு இரண்டு தொடர்பு எண்கள், இடையில் ஒரு சிறு விசாரிப்பு அழைப்பு, தேடிப் போகத் தனியாகப் பணமும் ஒரு ஆளும். வீட்டுக்குத் தெரிய வேண்டாத எதையும் செய்தியாக அனுப்பக் கூடாது. விடுபட்டவர்களின் முதல் நாள் விவரங்களை வந்தவர்களுடையதோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தை அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். இது முடியாது என்பது போல ஒரு பேச்சு உண்டு. ஆனால் பொய்த் தகவலை இனங்காணும் பயிற்சி பற்றி, பீகாரில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்களோடு வகுப்பறைகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, பயிற்சி முடிந்து நான்கு மாதம் கழித்தும் திரும்பப் போய்ச் சோதித்து, விளைவு நிற்பதைக் காட்டியது.

நேர்காணல், குழு உரையாடல் என்று மூன்றாவது வழியும் உண்டு. சில பிள்ளைகளிடம் மட்டுமே பேசிப் பார்த்தோம். தம்பி தங்கையின் போன் அமைப்புகளைச் சரிசெய்து கொடுப்பது, வீட்டுக் குழுவில் வரும் வதந்தியைக் கேள்வி கேட்பது போன்றவை அங்கேதான் வெளிவந்தன. அதைத் தனி மதிப்பீடாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு எங்களுக்கு அனுபவம் போதாது. ஆறு மாதத்துக்கு அப்பால் என்ன ஆகிறது என்பதிலும் அப்படியே.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கடைசி நாள் தாளை ஒரு பக்கமாகச் சுருக்கிவிடுங்கள். மிச்சத்தைத் தேடிப் போகிற ஆளின் பயணச் செலவுக்கு ஒதுக்குங்கள்.