கார்புரேட்டர் டியூனிங்குக்கு எந்த ஏஎஃப்ஆர் மீட்டர்? என் புல்லட்டில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

என்னிடம் இருப்பது பழைய காஸ்ட் அயன் புல்லட் 350, மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். இதற்கு ஏஎஃப்ஆர் மீட்டர் (காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதைப் புகைக்குழாயில் சென்சார் வைத்துக் காட்டும் கருவி) வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: வைட்பேண்ட் (பரந்த வரம்பில் விகிதத்தை அளக்கும் சென்சார்) மட்டும் வாங்குங்கள். நேரோபேண்ட் சென்சார், கலவை 14.7-க்கு (ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்று, எடையில் 14.7 பங்கு) மேலா கீழா என்பதைத்தான் நம்பகமாகச் சொல்லும். முழு ஆக்சிலேட்டரில் நமக்கு வேண்டியது 12.5 முதல் 13 வரை. 12-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குச் சரியாகத் தெரியாது. மெயின் ஜெட் (முழுத் திறப்பில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகு) தேர்வு செய்ய அது உதவவே உதவாது.

நான் எடுத்தது ஏஇஎம் எக்ஸ்-சீரீஸ். பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரோடு வருகிறது. பழைய 4.2 சென்சார் உள்ள பல மீட்டர்களில் அதை அவ்வப்போது கழற்றி வெளிக்காற்றில் வைத்து அளவு சரிசெய்ய வேண்டும். இதில் அந்த வேலை இல்லை.

இன்னொரு முக்கியமான காரணம், இதில் லாம்டாவாகவும் (இருக்கும் விகிதத்தை, முழுதாக எரியத் தேவையான விகிதத்தால் வகுத்த எண்) படிக்கலாம். 14.7 என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான கணக்கு. எத்தனாலுக்கு அது 9. இப்போது பங்கில் கிடைக்கும் இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏறக்குறைய 13.5. சென்சார் உண்மையில் அளப்பது லாம்டாவைத்தான். மீட்டர் அதை 14.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் எந்தப் பெட்ரோல் போட்டாலும் லாம்டா 1 என்றால் 1-தான், குழப்பமே இல்லை. நான் வைத்திருக்கும் இலக்கு: ஐட்லிங்கில் 0.90, சீராக ஓடும்போது 0.95, முழுத் திறப்பில் 0.86 அளவு. ஏர் கூல்டு இன்ஜின் என்பதால் கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருப்பதே எனக்கு நிம்மதி.

இ10-க்குப் பொருத்தின ஜெட்டிலேயே இ20 போட்டால் கலவை 4 சதவீதம் போல லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். மீட்டரில் அது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நீடில் (நடுத் திறப்பில் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசி) கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாற்றி நீடிலை உயர்த்தினேன், ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகினேன், சரியாகிவிட்டது. பிளக் நிறத்தை மட்டும் பார்த்து இதைப் பிடித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

எந்த பிராண்ட் என்பதைவிட எங்கே பொருத்துகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) எம்18 நட்டு ஒன்றை வெல்டிங் செய்ய வேண்டும். சென்சார் குறைந்தது 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் உள்ளே இருக்கும் செராமிக்கில் விரிசல் விழுந்துவிடும். சைலன்சரின் வாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சிங்கிள் சிலிண்டரில் ஐட்லிங்கின்போது வெளிக்காற்று பின்னோக்கி இழுக்கப்படும், மீட்டர் பொய்யாக லீன் காட்டும். பைப் ஜாயின்ட்டில் கசிவு இருந்தாலும் இதே கதைதான்.

மிஸ்ஃபயர் ஆனாலும் லீன்தான் காட்டும். எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருவதே காரணம். இன்ஜின் திணறும்போது மீட்டர் லீன் என்றால், பெரிய ஜெட் போடுவதற்கு முன் பிளக்கையும் பாயிண்ட்டையும் (பிளக்கில் பொறி வரவைக்கும் கான்டாக்ட்) பாருங்கள்.

மீட்டர் எண்ணைச் சொல்லும், எந்த ஜெட் என்று சொல்லாது. அதற்கு ஆக்சிலேட்டர் பிடியில் டேப் ஒட்டி கால், முக்கால் திறப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் வரை பைலட் ஜெட்டும் (ஐட்லிங்குக்கான சிறிய ஜெட்) ஸ்லைடும் (ஆக்சிலேட்டர் தூக்கும் அடைப்பு), அப்புறம் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பது ஆபத்து. பின்னால் ஒருவரை உட்கார வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள், அல்லது மீட்டரின் 0-5 வோல்ட் அவுட்புட்டை ஒரு லாகரில் (அளவுகளைச் சேமித்துவைக்கும் கருவி) பதியுங்கள்.

சென்சார் ஹீட்டர் கரண்ட்டை நன்றாக இழுக்கும், பேட்டரி தெம்பாக இருக்க வேண்டும். மீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் சென்சாரைப் பைப்பிலேயே விட்டு வண்டி ஓட்டினால் கரி படிந்து கெட்டுவிடும். அதனால் டியூனிங் முடிந்ததும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை போல்ட்டால் அடைத்துவிடுகிறேன். அடுத்து ஜெட் மாற்றும்போதுதான் மறுபடியும் மாட்டுவேன்.