வீட்டிலிருந்தே தொழில்: மூன்று தீபாவளிகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் குடியிருந்துகொண்டு, சமையலறையில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, வீட்டிலிருந்து செய்யும் சிறுதொழில்களுக்கென அரசு வகுத்துள்ள திட்டத்துக்குள்தான் வருகிறார்கள். வீவக வீடுகளுக்கு வீவகவும், தனியார் வீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையமும் இதைக் கவனிக்கின்றன. மூன்று தீபாவளிகளாக இந்த விதிகளின்படி பலகாரம் சுட்டு விற்றுவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடப்பவர் யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே. ரவிக்கை தைப்பவருக்கும், கேக் செய்பவருக்கும், முடி திருத்துபவருக்கும் இது பொருந்தும். வீட்டில் சிறிய அளவில் உணவு தயாரித்து விற்பவருக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் தேவையில்லை; ஆனால் உணவு பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் விற்பவரையே சாரும். அடையாள அட்டையில் உள்ள என் முழுப்பெயரிலேயே விற்பதால், தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தொழிலைப் பதிய வேண்டிய தேவையும் எனக்கு ஏற்படவில்லை. இதை அறியாத முதல் ஆண்டில், “வீட்டுச் சமையல் உரிமம்” வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு முகவரிடம் பணம் கட்டும் அளவுக்குப் போய்விட்டேன். அப்படியோர் உரிமமே கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து முதலில் அரசாங்க இணையப் பக்கத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

நிபந்தனைகள் படிக்கும்போது எளிமையாகத்தான் தெரியும். வீடு முதன்மையாகக் குடியிருக்கும் இடமாகவே இருக்க வேண்டும். விளம்பரப் பலகை கூடாது. கடைகளில் பயன்படுத்தும் பெரிய இயந்திரங்கள் கூடாது. புகை, வாடை, சத்தம், ஆள் நடமாட்டம் ஆகியவற்றால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை நேரக் கூடாது. பலகாரத் தொழிலில் இருப்பவரை உண்மையில் சோதிப்பது அந்தப் புகையும் வாடையும்தான். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரே நாளில் ஆறு கிலோ முறுக்கு சுட்டபோது, சமையலறைச் சன்னலுக்கு வெளியே எண்ணெய்ப் புகை மேலெழுந்து, மேல்மாடியில் மூங்கில் கழிகளில் உலர்ந்துகொண்டிருந்த பள்ளிச் சீருடைகளில் போய்ப் படிந்தது. அந்த வீட்டம்மா ஒரு வெள்ளைச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கோபிக்கவில்லை, முகர்ந்து பாருங்கள் என்று மட்டும் நீட்டினார். சட்டையில் பெருங்காயமும் எள்ளும் கலந்த எண்ணெய் வாடை அப்படியே இருந்தது. “தொல்லை தரக் கூடாது” என்ற வரி என்ன சொல்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆள் வைத்துக்கொள்ளும் விதியும் கண்டிப்பானது. அந்த வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே தொழிலில் ஈடுபடலாம். சம்பளத்துக்கு வெளியாளை அமர்த்த இயலாது. வீட்டில் தங்கியிருக்கும் பணிப்பெண்ணை முறுக்கு உழக்கைப் பிடிக்கச் சொல்வதும் தவறு, ஏனென்றால் அவரது வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டுமே உரியது. தெரிந்தவர் வீடுகளில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பிடிபட்டால் அந்தப் பெண்ணின் பிழைப்பும் சேர்ந்தல்லவா பாதிக்கப்படும்? அதேபோல், கடைகளுக்குச் சரக்கு போடுவதும் விருந்துகளுக்கு உணவு வழங்கும் சேவையை ஏற்பதும் கூடாது. தேக்காவில் ஒரு கடைக்காரர் வாரம் 50 பாக்கெட் கேட்டபோது மறுக்க வேண்டியதாயிற்று. மனம் வலித்தது என்றாலும், அந்த அளவுக்கு உற்பத்தி போனால் அது வீட்டுச் சமையலறையாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு எழுதுவது, வடிவமைப்பு போன்ற அலுவலக வேலைகளுக்கு வீட்டு அலுவலகத் திட்டம் என்று தனியாக ஒன்று உள்ளது. அதற்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். வீட்டில் வசிக்காத இருவர் வரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சமையலுக்கு அது உதவாது.

குறை என்று சொல்வதானால், விதிகளில் எண்கள் இல்லாததைச் சொல்வேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வீட்டுக்கு வந்து பொட்டலம் வாங்கிச் செல்லலாம், எத்தனை கிலோவுக்கு மேல் போனால் “சிறிய அளவு” என்பது மீறப்படும் என்பதற்குத் திட்டமான வரையறை கிடையாது. தாழ்வாரத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் நின்றால் எனக்குப் படபடப்பாகிவிடுகிறது. எடுத்துக்காட்டுகளோடு, அதுவும் தமிழில் விரிவாக, ஒரு விளக்கக் கையேடு இருந்தால் என்னைப் போன்ற பலருக்கு அச்சம் தீரும்.

இத்திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். முதலீடு இல்லாமல், சின்னப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு சம்பாதிக்க நினைக்கும் பெண்களுக்கு இதைவிட எளிதான வழியை நான் கண்டதில்லை. இந்த ஆண்டு ஆர்டர்களை மொத்தம் 40 கிலோவோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். மேல்மாடியில் துணிகளை எடுத்துவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும்.